சின்னவனையும் சேர்த்துத்தான் போக வேணும்

உவர்மலை,
திருகோணமலை.

அன்புள்ள மகளுக்கு,

முதல்ல ஒண்டு. அந்த ஏஜென்சிக்காரனுக்கு ஒரு சதமும் குடுக்காத. "இப்ப லண்டனுக்குக் கெயார் வேலைக்கு, வயசுபோனவையைப் பராமரிக்கிற வேலைக்குப் போங்கோ, ஆறு மாசத்தில பிள்ளையை எடுக்கலாம்" எண்டு அவன் சொன்னது முழுப் பொய். 2024 மார்ச் 11க்குப் பிறகு அந்த வேலைக்கு விசா எடுத்தவை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக ஏலாது. 2025 ஜூலை 22க்குப் பிறகு வெளிநாட்டில இருந்து அந்த வேலைக்குப் புதுசா ஆள் எடுக்கிறதையே நிறுத்திப்போட்டாங்கள். பூட்டின கதவைக் காட்டித்தான் உன்னட்டக் காசு கேட்கிறான். விசாவுக்காக வேலை குடுக்கிறவர் தாற ஸ்பொன்சர் சான்றிதழுக்குரிய கட்டணம் அவரே கட்ட வேண்டியது. ஸ்பொன்சர் அனுமதி உள்ள நிறுவனங்களின்ர பெயர்ப்பட்டியலைப் பிரித்தானிய அரசாங்கமே இணையத்தில போட்டிருக்கு. ஆர் வேலை தாறன் எண்டாலும் முதல்ல அதில பார். இங்கத்தை ஏஜென்சிக்கு அனுமதிப்பத்திரம் இருக்கோ எண்டதை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு 1989 அடிச்சுக் கேட்கலாம்.

நீ படிச்ச தாதி. உனக்கு ஏன் கெயார் வேலை? பதிவுபெற்ற தாதியாப் போறவைக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக இன்னும் இடமிருக்கு. அது நீண்ட வழிதான், தெரியும். அங்க தாதியாப் பதிய, ஐஈஎல்டிஎஸ் எண்ட ஆங்கிலப் பரீட்சையில கேட்டல், வாசிப்பு, பேச்சு மூண்டிலும் 7, எழுத்தில 6.5 வேணும். பிறகு தாதிப் பதிவுக்குரிய கணினிப் பரீட்சை. அதைப் போறதுக்கு முதலே எழுதலாம். அங்க போய் வேலையில சேர்ந்து 12 கிழமைக்குள்ள ஓஸ்கி எண்ட செய்முறைப் பரீட்சைக்கு முதல் தடவை தோற்ற வேணும். ஒரு வருஷம் பிந்தினாலும் பரவாயில்லை, இந்த வழியால போ.

அம்மா வேற மாதிரிச் சொல்லுறா. "பிள்ளை எங்களோட நிக்கட்டும், அவள் உழைச்சு அனுப்பட்டும்" எண்டுறா. பாசத்தில சொல்லுறா, நான் அவவோட சண்டை பிடிக்கேல்ல. ஆனா நான் கச்சேரியில, மாவட்டச் செயலகத்தில, வேலையில இருந்த காலத்தில கிண்ணியா, மூதூர்ப் பக்கத்தில இருந்து அம்மம்மாமார் பேரப்பிள்ளையைக் கையில பிடிச்சுக்கொண்டு வாறதை எவ்வளவு பார்த்திருப்பன். தாய் குவைத்தில, இல்லாட்டி சவூதியில. ரெண்டு வருஷம் எண்டு போனவை, வந்து நிண்டு, திரும்பவும் ரெண்டு வருஷம் எண்டு போனவை. அந்தத் தாய்மாரை நான் ஒரு நாளும் குறை நினைக்கேல்ல, அவைக்கு வேற வழி இருக்கேல்ல. உனக்கு இருக்கு.

இனி காகிதம். இது எனக்குத் தெரிஞ்ச விஷயம், கவனமாக் கேள். தகப்பன் இல்லாமல் தாயோட மட்டும் பிள்ளை போறதெண்டால், அவன்ர முழுப் பொறுப்பும் உன்னட்டத்தான் எண்டு விசாக்காரருக்குக் காட்ட வேணும். பிள்ளை உன்ர பொறுப்பில எண்டு மாவட்ட நீதிமன்றம் தந்த கட்டளை மட்டும் போதும் எண்டு இருந்திடாத. நீ கொழும்பில, அவன் இங்க எங்களோட. பார்க்கிறவனுக்கு, பொறுப்பு அம்மப்பாவிட்ட எண்டுதான் தோணும். அதாலதான் இனி அவன்ர ரிப்போர்ட்டில நான் கையெழுத்து வைக்கப்போறதில்லை. நீ வந்து வை. பெற்றோர் கூட்டத்துக்கும் நீ வா. பள்ளிக்கூட அனுமதிப் படிவம் உன்ர கையெழுத்தோட இருக்கு, அதில ஒரு பிரதி எடுத்து வைச்சிருக்கிறன். மாசாமாசம் நீ அனுப்புற காசின்ர வங்கிச் சிட்டைகளையும் சேர்த்துவைக்கிறன். அவன்ர தகப்பனைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை. இவ்வளவு காலமாப் பிள்ளையின்ர எந்த முடிவிலயும் அவர் இல்லை எண்டதை மட்டும் அதிபரிட்டயும் கிராம சேவகரிட்டயும் எழுத்தில வாங்கலாம். சான்றிதழ்களை உறுதிப்படுத்த நீ கொழும்பில அலைய வேண்டாம், வெளிநாட்டமைச்சின்ர கொன்சியூலர் அலுவலகம் இங்கயும் இருக்கு. அதை நான் பார்க்கிறன்.

விசாவுக்கு விண்ணப்பிக்க, வங்கியில உனக்கு 1270 பவுண், பிள்ளைக்கு 315 பவுண், 28 நாள் தொடர்ந்து கிடக்க வேணும். வேலை தாற ஆஸ்பத்திரி பொறுப்பு நிண்டால் உன்ர பங்கு தேவைப்படாது. மிச்சத்துக்கு என்ர ஓய்வூதியச் சேமிப்பு இருக்கு, கூச்சப்படாத.

எனக்குப் பயம் காசில இல்லை. வார்டில 12 மணித்தியால டியூட்டி அங்க சாதாரணம். விடிய ஏழு மணிக்கு நீ வேலையில நிண்டால் அவனை ஆர் பள்ளிக்கூடத்துக்கு விடுறது? இரவு டியூட்டி எண்டால் ஆரோட படுக்கிறது? இங்க நாங்கள் இருக்கிறம், பக்கத்து வீட்டு அன்ரி இருக்கிறா. அங்க ஒருத்தரும் இல்லை. அதால நேர்முகத்திலயே வெட்கப்படாமல் கேள்: வெளிநோயாளர் கிளினிக் மாதிரிப் பகல் வேலை இருக்கோ எண்டு. வேலையில சேர்ந்த முதல் நாளிலயே வேலைநேரத்தை மாத்தித் தரச்சொல்லி விண்ணப்பிக்க 2024 ஏப்ரல் 6இல இருந்து அங்க சட்டம் இருக்கு. தந்துதான் ஆக வேணும் எண்டில்லை, ஆனா மறுத்தால் காரணம் சொல்ல வேணும். பள்ளிக்கூடம் தொடங்க முதலும் விட்ட பிறகும் பிள்ளைகளை வைச்சுப் பார்க்கிற கிளப்புகள் கனக்கப் பள்ளிக்கூடங்களில இருக்கு, காசு கட்ட வேணும். அரசாங்கம் பிள்ளைகளுக்குக் குடுக்கிற உதவிக்காசு இந்த விசாவில வராது. அரச பள்ளிக்கூடம் இலவசம். உன்ர விசாவுக்குச் சுகாதாரக் கட்டணமும் இல்லை, அவனுக்கும் இல்லை. இதையெல்லாம் கூட்டிக் கழிச்சுப் பார்த்துத்தான் எந்த ஊர் எண்டு முடிவெடு. லண்டன் எண்ட பேருக்காகப் போகாத, வீட்டு வாடகை குறைஞ்ச ஊராப் பார்.

ஓஸ்கி முடியும்வரைக்கும் அவன் எங்களோட நிக்கட்டும். நீ அந்தப் பரீட்சையை நிம்மதியா எழுது. அதுக்கு மேல ஒரு தவணையும் நான் வைச்சிருக்க மாட்டன். பின்னேரத்தில கோட்டையடி மானுகளுக்கு இலை குடுக்க என்ர கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போற பிள்ளை. அவன் போனால் எனக்கு எப்பிடி இருக்கும் எண்டு உனக்குச் சொல்லத் தேவையில்லை. அதைப் பார்த்து நீ மனம் மாறக்கூடாது. அவன் தாயோட வளர வேணும்.

வாற மாசம் ரெண்டு நாள் லீவு எடு. இரவு ரெயிலுக்கு முன்கூட்டியே சீட் போடு. வரேக்க விவாகரத்துத் தீர்ப்பின்ர உறுதிப்படுத்தின பிரதியையும் பிள்ளையின்ர பாஸ்போட்டையும் கொண்டு வா. அவனுக்கு நான் இன்னும் ஒண்டும் சொல்லேல்ல. அதை நீதான் பக்கத்தில இருந்து சொல்ல வேணும்.

அன்புடன்,
அப்பா