கம்பி வேலி போட்டுவிட்டீர்கள், பாலம் எப்போது?

மதிப்பிற்குரிய ரயில்வே பொறியாளர்களுக்கும் உள்ளாட்சி அதிகாரிகளுக்கும்,

வணக்கம். சேலத்தில் இது எந்த இடம், நடைமேம்பாலம் கேட்டு எத்தனை மனு கொடுத்திருக்கிறோம் என்பதெல்லாம் உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. அதனால் நேரே போன வாரத்துக்கு வருகிறேன்.

தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் பஸ் ஸ்டாப்புக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகும் ஒற்றையடிப் பாதையில், பழைய தண்டவாளத் துண்டுகளை நட்டுக் கம்பி இழுத்துக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். பக்கத்தில் புத்தம் புதுப் பலகை. அத்துமீறிக் கடந்தால் 6 மாதம் வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம். பாலம் கேட்டவர்களுக்குப் பலகை கிடைத்திருக்கிறது. எழுத்தில் பிழையில்லை, அந்த மட்டுக்கும் நன்றி.

கம்பி யாரைத் தடுத்திருக்கிறது என்று வந்து பாருங்கள். பள்ளிப் பிள்ளைகள் குனிந்து நுழைகிறார்கள். வாலிபர்கள் தாண்டிக் குதிக்கிறார்கள். தடுக்கப்பட்டவர் எங்கள் தெருவில் கொலுசு வேலை செய்யும் ஓர் அக்கா மட்டும்தான்.

சின்ன வயதில் வந்த போலியோவில் அவருக்கு ஒரு கால் செயலிழந்துவிட்டது. காலைத் தாங்கிப் பிடிக்கும் காலிபர் என்ற கருவி போட்டு நடக்கிறார். பற்றவைத்த கொலுசைச் செவ்வாய்ப்பேட்டைக்குக் கொண்டுபோய் எடை போட்டுக் கொடுத்து, அடுத்த வேலைக்கு வெள்ளி வாங்கி வர வேண்டும். ஜல்லியில் காலிபர் நிற்காது. ஆகவே ஒவ்வொரு தண்டவாளத்தின் முன்னும் குனிந்து, இரும்பில் ஒரு கையை ஊன்றி, மறு கையால் காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைக்கிறார். அப் லைன், டவுன் லைன் இரண்டுக்கும் சேர்த்து நான்கு தண்டவாளம், நான்கு முறை. சித்திரை வெயிலில் அந்த இரும்பைத் தொட்டுப் பார்த்தால் தெரியும். “வண்டி வந்தா தண்டவாளம் அதிர்றது கைக்கே தெரிஞ்சிருமுங்க” என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அதுதான் இந்த இடத்தில் இன்றைக்கு இருக்கும் ஒரே சிக்னல்.

இப்போது அவர் கம்பி முடிகிற இடம் வரை ஜல்லியிலேயே நடந்து, வளைவை ஒட்டிக் கடக்கிறார். அங்கிருந்து 300 மீட்டருக்கு மேல் கண்ணுக்குத் தெரியாது. மணிக்கு 110 கிலோமீட்டரில் வரும் வண்டி நொடிக்கு 30 மீட்டர் ஓடும். பத்து நொடி. கைகால் திடமாக உள்ளவருக்கே அது இழுபறி. அவருக்கு ஒரு தண்டவாளம் தாண்டவே போதாது. மின்சார எஞ்சின் டீசல் வண்டிபோல முன்கூட்டியே இரைந்துகொண்டும் வராது. ஒரு லைனில் சரக்கு வண்டி போகும்போது அடுத்த லைனில் வருவது காதிலும் விழாது, கண்ணிலும் படாது.

எங்களுக்கு வேண்டியது சாய்தளமும் லிஃப்டும் உள்ள ஒரு நடைமேம்பாலம்.

வெறும் படிக்கட்டுப் பாலம் கட்டித் திறப்பு விழா வைத்துவிடாதீர்கள். மின்பாதைக்கு மேல் நடைமேம்பாலத்தின் அடிப்பகுதி தண்டவாளத்திலிருந்து 6.25 மீட்டராவது உயரத்தில் இருக்க வேண்டும் என்பது உங்கள் விதி. அவ்வளவு உயரத்துக்குப் படி ஏறச் சொன்னால், மூட்டுவலிக்காரர் முதற்கொண்டு எல்லோரும் மறுபடி ஜல்லிக்கே இறங்குவார்கள். லிஃப்ட் மட்டும் வைத்தால், அது பழுதாகும் நாளில் அக்கா எங்கே போவார்? 12 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் சாய்தளம் என்றால் பக்கத்துக்கு 75 மீட்டர் நீளமாவது வேண்டும், நடுவில் நின்று இளைப்பாறும் மேடைகள் தனி. இடமில்லை என்பீர்கள். மடித்து மடித்து ஏற்றினால் பாதையோரம் சும்மா கிடக்கும் நிலமே போதும். சுரங்கப்பாதை என்ற பேச்சும் வேண்டாம். மலையில் ஒரு நல்ல மழை பெய்தால் சேலத்துச் சுரங்கப்பாதைகள் என்ன ஆகின்றன என்பதை நாங்கள் சொல்லியா நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்?

ரயில்வேயிடம் கேட்டால், “இது டெபாசிட் ஒர்க், கேட்பவர் பணம் கட்டினால்தான் செய்வோம், மாநகராட்சி பணம் கட்டட்டும்” என்கிறார்கள். அங்கே போனால், “அது ரயில்வே இடம், எங்களால் கை வைக்க முடியாது” என்கிறார்கள். கோப்பு மட்டும் எந்தப் பாலமும் இல்லாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பத்திரமாகப் போய் வருகிறது. 2023 ஏப்ரலில் வந்தே பாரத் கோவைக்கு ஓடத் தொடங்கியபோது எங்கள் பிள்ளைகளும்தான் கையசைத்தார்கள். அதே ஆண்டு ஜங்ஷனைப் புதுப்பிக்கும் திட்டமும் வந்தது. சந்தோஷம்தான். ஆனால் சேலத்தில் ரயிலில் ஏறுகிறவனுக்கு மட்டுந்தானா ரயில்வே? அதன் குறுக்கே நடந்து பிழைப்புக்குப் போகிறவனுக்கு அபராதப் பலகைதானா?

அத்துமீறிக் கடந்து ஆண்டுக்குச் சுமார் 15,000 பேர் சாகிறார்கள், எந்த நாகரிகச் சமூகமும் இதை ஏற்க முடியாது என்று ரயில் பாதுகாப்பை ஆராய்ந்த அனில் ககோட்கர் தலைமையிலான குழு 2012இலேயே எழுதிக் கொடுத்துவிட்டது. அகலப்பாதையில் ஆளில்லாத ரயில்வே கேட்டுகளை 2019 ஜனவரிக்குள் ஒழித்தும் காட்டினீர்கள். அதை உண்மையாகவே பாராட்டுகிறேன். மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற சாலை வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எங்கள் இடத்துக்கு வந்தால் மட்டும் சட்டம் அந்தப் பலகையோடு நின்றுவிடுகிறது.

கோபத்தில் ஏதேனும் கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ரயில்வேயிலிருந்து ஒருவர், மாநகராட்சியிலிருந்து ஒருவர், இருவரும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் இங்கே வந்து பார்க்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். காலை எட்டு மணி என்றால் நல்லது, பள்ளிக்கூட நேரம். சாய்தளத்தோடும் லிஃப்டோடும் நடைமேம்பாலத்துக்கு மதிப்பீடு தயாரித்து, யார் பங்கு எவ்வளவு, வேலை எப்போது தொடங்கும் என்பதை எழுத்தில் கொடுங்கள். அதுவரை, கடக்கும் நேரங்களில் இங்கே ஒரு காவலரை நிறுத்துங்கள். கம்பியைக் காவலுக்கு விட்டது போதும்.

இப்படிக்கு,
தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் குடியிருப்போர் சார்பில்,
சேலம்.