டைப்-சி போர்ட்டில் மானிட்டர் வேலை செய்யாதது குறித்த புகார்

பெறுநர்: தலைவர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: லேப்டாப்புடன் விற்கப்பட்ட டைப்-சி அடாப்டர் வழியாக மானிட்டரில் படம் வராதது

மதிப்புக்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் லேப்டாப்பையும், உங்கள் பெயரே போட்ட டைப்-சி எச்டிஎம்ஐ அடாப்டரையும் சேர்த்தே வாங்கினேன். இந்த மாடலுக்குப் பொருந்தும் என்று உங்கள் இணையதளமே காட்டிய அடாப்டர் அது. சொருகினால் மானிட்டரின் விளக்கு ஒரு கணம் எரியும், 'சிக்னல் இல்லை' என்று வரும், அப்புறம் இருட்டு. விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்பில் இரண்டாவது திரையே தெரிவதில்லை.

என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். இந்த மாடலின் டைப்-சி போர்ட்டில் டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் (அதாவது டைப்-சி வழியாகப் படத்தையும் அனுப்பும் வசதி) உண்டா, இல்லையா? செய்தவர்கள் நீங்கள், உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை. டிரைவரை அப்டேட் செய்யுங்கள், பயாஸை அப்டேட் செய்யுங்கள், பவர் பட்டனை அழுத்திப் பிடியுங்கள், வேறு கேபிள் வாங்குங்கள் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். எல்லாம் செய்தாயிற்று.

இதில் ஒருவரை மட்டும் என்னால் மறக்கவே முடியவில்லை. "மேடம், டைப்-சின்னா எல்லாம் ஒண்ணுதான், உங்களுக்குச் சரியா சொருகத் தெரியல" என்று சொல்லிவிட்டு, நான் பேசிக்கொண்டிருக்கும்போதே இணைப்பைத் துண்டித்தார். டைப்-சி என்பது போர்ட்டின் வடிவம் மட்டும்தான். சில போர்ட்களில் சார்ஜும் டேட்டாவும் மட்டும் போகும், சிலவற்றில்தான் படமும் போகும். ஆல்ட் மோட் அறிவிக்கப்பட்டது 2014-இல். வாங்கிய எனக்குத் தெரிவது விற்கும் உங்கள் ஆளுக்குத் தெரிய வேண்டாமா? அந்த அழைப்பின் பதிவு உங்களிடம் இருக்கும். தயவுசெய்து நீங்களே கேட்டுப் பாருங்கள்.

சொல்ல விட்டுப்போனது: அதே அடாப்டர், அதே கேபிள், அதே மானிட்டரை என் தம்பியின் லேப்டாப்பில் மாட்டினால் உடனே படம் வருகிறது. என் லேப்டாப்பின் அதே போர்ட்டில் பென்டிரைவ் வேலை செய்கிறது, சார்ஜும் ஏறுகிறது. அப்படியானால் குறை எங்கே என்று நான் விளக்க வேண்டியதில்லை.

மானிட்டரையும் கொண்டுவரச் சொன்னதால், அந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு உங்கள் சர்வீஸ் சென்டருக்கும் போனேன். அங்கே மானிட்டரைப் பெட்டியிலிருந்து எடுக்கக்கூட இல்லை. விண்டோஸை அழித்து மறுபடி போட்டுக் கொடுத்தார்கள். படம் வரவில்லை, ஆனால் நான் அமைத்து வைத்திருந்த மென்பொருள்கள் எல்லாம் போயின. நான் மொழிபெயர்ப்பாளர். மூலம் ஒரு திரையில், என் எழுத்து மறு திரையில் இருந்தால்தான் வேலை ஓடும். ஒப்புக்கொண்ட வேலைகள் தள்ளிப்போய், வாடிக்கையாளர்களிடம் என் பெயரே கெட்டுவிட்டது. என் பிழைப்பே நின்றுபோனது என்றுதான் சொல்ல வேண்டும்.

எனவே என் கேள்விக்கு எழுத்தில் பதில் வேண்டும். ஆல்ட் மோட் உண்டு என்றால் போர்ட்டைச் சரிசெய்து கொடுங்கள். இல்லை என்றால் லேப்டாப்பையும் அடாப்டரையும் எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். குறைந்தபட்சம் டேட்டா வழியாகவே படம் அனுப்பும் டிஸ்ப்ளேலிங்க் வகை அடாப்டரையாவது உங்கள் செலவில் அனுப்புங்கள். நல்லபடியாக முடியும் என்ற நம்பிக்கையில்தான் இதை எழுதுகிறேன். 7 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் ரசீது, மின்னஞ்சல்கள், மானிட்டரை எடுத்த வீடியோ எல்லாவற்றோடும் நுகர்வோர் நீதிமன்றம் போவேன். இன்னொரு முறை "டிரைவர் அப்டேட்" என்று மட்டும் பதில் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், அடாப்டர் பெட்டியின் படம், இரண்டு லேப்டாப்களிலும் எடுத்த வீடியோ