மதிலை ஒட்டி வைக்காதே

அன்பு மகளுக்கு,

வருஷம் முழுக்கப் பூக்கிற செடி, நீங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போய்விட்டாலும் அது பாட்டுக்கு நிற்கிற செடி ஒன்று சொல்லம்மா என்று கேட்டாயே, இட்லிப்பூ வை. பழைய பாட்டுகளில் ஆநிரை கவரப் போகிறவர்கள் சூடும் வெட்சி இதுதான். நம் மண்ணிலேயே பிறந்த செடி, வெயிலுக்கு அஞ்சாது.

நர்சரியில் குட்டை ரகமும் இருக்கும், நாட்டு ரகமும் இருக்கும். குட்டை தொட்டிக்குச் சரி. உன் வாசலுக்கு ஆளுயரம் போகிற நாட்டுச் சிவப்பே எடு. பூத்திருப்பதைப் பார்த்து மயங்காதே. அடியிலேயே நாலைந்து கிளை பிரிந்து, இலை கரும்பச்சையாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கு.

எல்லோரும் மதிலை ஒட்டித்தான் வைக்கிறார்கள். நீ அப்படிச் செய்யாதே, இரண்டடியாவது தள்ளி வை. சிமெண்டுப் பூச்சிலிருந்து சுண்ணாம்பு கரைந்து மண்ணில் இறங்கும். இந்தச் செடிக்குக் கொஞ்சம் அமிலத்தன்மை உள்ள மண் வேண்டும். சுண்ணாம்பு ஏறிய மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடியாது. வீடு கட்டியபோது புதைந்த காரை, ஜல்லி எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிட்டு ஒன்றரை அடிக்குக் குழி எடு. செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. செடிக்குச் செடி மூன்றடி. தினம் ஐந்து மணி நேரமாவது வெயில் விழ வேண்டும், நிழலில் இலைதான் வரும்.

முதல் மூன்று மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர். பிறகு வாரம் இரண்டு முறை. வேர் பிடித்த பின், கோடையில் மட்டும் கவனித்தால் போதும். அடியில் சருகு பரப்பி வை, தண்டை மட்டும் தொடாமல்.

உங்கள் போர் தண்ணீர் பக்கெட்டில் வெள்ளைப் படலம் விடுகிறது என்றாயே, அதுவும் சுண்ணாம்புதான், அதனால் இதைக் கவனமாகப் படி. ஒருநாள் கொழுந்து இலை மட்டும் வெளிர் மஞ்சளாக வரும். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரியும். உடனே யூரியா போடாதே. தழைச்சத்துக் குறைவென்றால் அடி இலைதான் முதலில் மஞ்சளாகும். கொழுந்து வெளுத்தால் இரும்புக் குறைவு. நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) கேள். ஒரு லிட்டர் மழைத்தண்ணீரில் 5 கிராம், அரை மூடி எலுமிச்சைச் சாறு, கரைத்த உடனே சாயங்காலம் இலையில் தெளி. பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு, மூன்று முறை. வெளுத்த பழைய இலை முழுக்கத் திரும்பாமல் போகலாம், புதுக் கொழுந்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தரை டைல்ஸில் பட்டால் துருக்கறை போகாது, பேப்பர் விரித்துக்கொள்.

செடியில் எறும்பு வரிசையாக ஏறினால் இலைக்கு அடியில் திருப்பிப் பார். மாவுப்பூச்சியோ அசுவினியோ இருக்கும், அது கசிகிற இனிப்புக்குத்தான் எறும்பு வருகிறது. அப்படியே விட்டால் இலை கரி பூசியதுபோல் ஆகிவிடும். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து இலையின் அடிப்பக்கம் நனையத் தெளி.

கத்தரிப்பது வருஷத்துக்கு ஒரு முறை, ஆனி கடைசியில், மூன்றில் ஒரு பங்கு. பூக்கொத்து புதுக் கிளையின் நுனியில்தான் வரும். அலுவலக வாசல்களில் பெட்டி போல மாதாமாதம் வெட்டுகிற செடி பூக்காமல் நிற்பது அதனால்தான். வாடிய கொத்தை மட்டும் அடுத்த இலை ஜோடிக்கு மேலே கிள்ளிவிடு, அந்தக் கணுவிலிருந்து இரண்டு கிளை வரும்.

வெட்டிய குச்சியை எறியாதே. பென்சில் கனத்தில், ஆறு அங்குலத்தில் எடுத்து, அடி இலைகளை உருவிவிட்டு, ஈர மணலில் நிழலில் ஊன்றி வை. வேர் விட ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். பிடுங்கிப் பிடுங்கிப் பார்க்காதே.

அன்புடன்,
அம்மா