பாலப் பலகை இணைப்புப் பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பலகைகளுக்கு நடுவே இருந்த கடைசிச் சந்தினையும் கான்கிரீட்டால் நிரப்பி, மேலே தேய்த்துச் சமன் செய்து, பாலத்தில் வண்டிகளை விட்டாயிற்று. வரவு செலவு தனித்தாளில் இருக்கிறது. போன கூட்டத்தில் பலர் கேட்டது, பலகைகளை இணைக்க இவ்வளவு உசத்தியான கான்கிரீட் எதற்கு என்பதுதான். அதற்குப் பதில் இது.

முன்வார்ப்புப் பலகைகள், அதாவது முன்பே வார்த்துக் கொண்டுவரும் கான்கிரீட் பலகைகள், பட்டறையில் நிதானமாகச் செய்யப்படுபவை. பாலத்தில் முதலில் கெடுவது பெரும்பாலும் அவற்றுக்கு நடுவே உள்ள சந்து. சாதாரணக் கான்கிரீட்டில், இரு பலகைகளிலிருந்தும் சந்துக்குள் நீளும் கம்பிகள் ஒன்றையொன்று பிடிக்க, கம்பி விட்டத்தைப் போல 40, 50 மடங்கு நீளம் வேண்டும். நாம் போட்ட உசத்தியான வகையான அதியுயர் திறன் கான்கிரீட்டில், கம்பிக்குப் போதிய மூடுகனம் (கம்பியை மூடியுள்ள கான்கிரீட்டின் தடிமன்) இருந்தால், 8 முதல் 10 மடங்கு போதும். ஆகவே சந்து ஒரு சாணுக்குள் அடங்கியது. கம்பியை வளைக்கும் வேலையும் மிச்சம்.

மூட்டையில் வரும் தயார் கலவை நமக்குக் கட்டுப்படியாகவில்லை. சிமெண்ட், சிலிகா பியூம் என்ற மிக நுண்ணிய தூள், நிலக்கரிச் சாம்பல், சலித்த நுண்மணல் எல்லாம் நாமே வாங்கிக் கலந்தோம். ஜல்லி கிடையாது. தண்ணீர், சிமெண்டும் தூள்களும் சேர்ந்த எடையில் ஐந்தில் ஒரு பங்கே. பணத்தை இழுத்தது எஃகு இழைதான்: 0.2 மி.மீ. தடிமன், 13 மி.மீ. நீளம், கன மீட்டருக்குச் சுமார் 156 கிலோ. பாதியாகக் குறைக்கலாம் என்று குழுவிலேயே ஒருவர் வாதாடினார். விரிசல் விட்டாலும் அதை இழுத்துப் பிடிப்பது இழைதான் என்பதால் மற்றவர்கள் ஒப்பவில்லை.

சாதாரண மிக்சரில் கால் மணி நேரம் வரை கலவை ஈர மணலாகவே உருண்டது. பொறுமையிழந்த மேஸ்திரி தண்ணீர் வாளியைத் தூக்கிவிட்டார். கையைப் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று. சற்று நேரத்தில் நீர்குறைப்பான் (குறைந்த தண்ணீரிலேயே கலவையை இளக்கும் மருந்து) வேலை செய்ய, அத்தனையும் இளகித் தேனாக வழிந்தது.

இரண்டாம் சந்தில் நடந்தது நம் தவறு. சென்ட்ரிங் பலகைகளின் இடுக்கை வழக்கம்போல அடைக்காமல் விட்டுவிட்டோம். மற்ற கான்கிரீட்டில் சிமெண்ட் பால் மட்டும் கசியும். இதுவோ இழையோடு சேர்ந்து ஒழுகியது. ஒரு மிக்சர் கலவை வீண். அதன்பின் இடுக்குகளை நுரைப்பட்டை வைத்து அடைத்து, தண்ணீர் தேக்கிப் பார்த்து, அதை வடித்த பிறகே ஊற்றினோம். பலகை ஓரங்கள் நனைவதற்கும் அது உதவியது. உலர்ந்த ஓரம் கலவையின் நீரைக் குடித்துவிடும். அதிர்த்தால் இழை அடியில் தங்கிவிடும் என்பதால் வைப்ரேட்டரைத் தொடவில்லை.

கான்கிரீட்டின் வலிமையைக் காட்டும் க்யூப் சோதனைச் சீட்டுகளை அலுவலகத்தில் பார்க்கலாம். இரண்டாம் சந்தின் அடிப்பக்கத்தை மழைக்குப் பிறகு பார்த்துவிட்டு, கசிவு உண்டா இல்லையா என்று அடுத்த கூட்டத்தில் சொல்கிறோம்.

பணிக்குழு