செல்வத்துக்கு, போட்டோ விற்பது பற்றி

சிவகாசி,
22.6.2025

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வியாழக்கிழமையே வந்துவிட்டது. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் சுகம். ஆடிப்பெருக்குக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது. அன்றைக்கு 2026 காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியாக வேண்டும் என்பதால் அச்சகத்தில் இரவு பத்து மணி வரை உட்கார வேண்டியிருக்கிறது. இன்று ஞாயிறு, அதனால் சாவகாசமாக எழுதுகிறேன்.

ஸ்டூடியோவை மூடிவிட்டு இணையத்தில் ஸ்டாக் போட்டோ விற்றே பிழைக்கலாமா என்று கேட்டிருந்தாய். அதற்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஸ்டூடியோவைக் காலி செய்யாதே. பாஸ்போர்ட் சைஸ் எடுக்க நாலு பேர் வந்தாலும் அது அன்றைக்கே கையில் வரும் காசு. ஸ்டாக் போட்டோவில், அதாவது யார் வேண்டுமானாலும் காசு கொடுத்துப் பயன்படுத்தட்டும் என்று இணையத் தளங்களில் போட்டு வைக்கிற படங்களில், வருவது அப்படிப்பட்ட காசு இல்லை. தூங்கும்போதும் டாலர் வரும் என்று உன் மாப்பிள்ளை காட்டிய வீடியோவில் சொன்னார்களே, அது பொய் இல்லை. எனக்கும் தூங்கும்போது வந்திருக்கிறது. காலையில் எழுந்து பார்த்தால் பத்து சென்ட் வந்திருக்கும்.

என் கணக்கை அப்படியே வைக்கிறேன். 2018-ல் ஆரம்பித்தேன். முதல் விற்பனைக்கு 25 சென்ட் வந்தது, அன்றைய மதிப்பில் சுமார் பதினேழு ரூபாய். அந்த வருடம் முழுக்கச் சேர்ந்தது 31 டாலர். இப்போது மூன்று தளங்களில் 2,140 படங்கள் இருக்கின்றன. போன வருடம் மாதத்துக்குச் சராசரியாக 50 டாலர், அதாவது நாலாயிரத்து இருநூறு ரூபாய் அளவுக்கு வந்தது. கரண்ட் பில்லும் பேத்தியின் வேன் கட்டணமும் அதில் போகின்றன. ஏழு வருட உழைப்புக்கு இது பெரிய தொகை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பணம் வரும்போது எனக்கு வருகிற சந்தோஷத்தை உன்னிடம் மறைக்கவும் மாட்டேன். விருதுநகரில் நாம் இருவரும் இருட்டறையில் ஹைப்போ ரசாயன வாசத்தில் நின்று பிரிண்ட் போட்ட காலத்தில், நாம் எடுத்த படத்தை ஜெர்மனியில் ஒருவர் காசு கொடுத்து வாங்குவார் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்போமா?

இந்தத் தொழிலின் கதையும் ஒரு தனி மனிதரின் கம்ப்யூட்டரில் இருந்துதான் பெரிதானது. ஜான் ஓரிங்கர் என்பவர் தானே எடுத்த சுமார் 30,000 படங்களை வைத்துக்கொண்டு 2003-ல் நியூயார்க்கில் ஷட்டர்ஸ்டாக் என்ற ஸ்டாக் போட்டோ தளத்தை ஆரம்பித்தார். அதற்கு முன்னால் 2000-லேயே கனடாவில் ஐஸ்டாக்போட்டோ என்ற தளம் வந்துவிட்டது. 2006-ல் படம் விற்கும் பெரிய நிறுவனமான கெட்டி அதை 5 கோடி டாலருக்கு வாங்கியது. ஒரு படத்துக்கு நூற்றுக்கணக்கில் டாலர் என்று இருந்த சந்தையில் விலை தரைமட்டத்துக்கு இறங்கியது அப்படித்தான். விலை இறங்கியதால்தான் சிவகாசி டிசைனரால் வாங்க முடிந்தது, விற்கவும் முடிந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

விற்ற விலையில் நமக்கு எவ்வளவு பங்கு என்று கேட்டிருந்தாய். அடோபி ஸ்டாக் தளத்தில் போட்டோவுக்கு 33 சதவீதம். ஷட்டர்ஸ்டாக்கில் 2020 ஜூனில் இருந்து படிநிலை முறை. ஒவ்வொரு ஆண்டும் எத்தனை படம் விற்றதோ அதைப் பொறுத்து 15-ல் இருந்து 40 சதவீதம் வரை. ஜனவரி 1 வந்தால் எல்லோரும் மறுபடி முதல் படியில் நிற்க வேண்டும். பிரிட்டனின் அலாமி தளத்தில் விற்பனை அபூர்வம், ஆனால் விற்றால் தொகை கொஞ்சம் கனமாக இருக்கும். மூன்றிலும் ஒரே படத்தைப் போடலாம், யாருக்கும் தனி உரிமை கொடுக்காதவரை. அப்புறம், வரிப் படிவம் ஒன்று உண்டு, டபிள்யூ-8பென் என்று பெயர். உன் பான் எண்ணைப் போட்டு அதை நிரப்பிவிடு. நிரப்பினால் அமெரிக்காவில் விற்ற பங்குக்கு 15 சதவீதம் பிடிப்பார்கள், விட்டுவிட்டால் 30. இங்கேயும் வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும். உன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

சரி, இனி நான் உண்மையில் சொல்ல விரும்புவதற்கு வருகிறேன்.

நான் இந்தத் தளங்களில் விற்பதற்கு முன்னால் பல வருடம் வாங்கியவன். அச்சகத்தில் உட்கார்ந்து படம் தேடுகிறவன் எப்படித் தேடுவான் என்று எனக்குத் தெரியும். அவனுக்கு அழகான படம் வேண்டாம். இடது பக்கம் மூன்றில் ஒரு பங்கு வெறுமையாக இருக்கிற படம் வேண்டும், அங்கேதான் ஜவுளிக்கடைப் பெயர் வரும். நீ கல்யாண ஆல்பம் எடுத்துப் பழகியவன், பிரேம் முழுக்க ஆள் நிறைந்திருக்க வேண்டும் என்று நினைப்பாய். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கன்னியாகுமரியில் மூன்று நாள் தங்கி எடுத்த சூரிய உதயம் இன்று வரை ஒன்றுகூட விற்கவில்லை. என் படங்களில் அதிகம் விற்றது எது தெரியுமா? தெர்மோகோல் அட்டை மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த மஞ்சள் கிழங்கும் பொடியும். 2020-ல் கொரோனா வந்ததும் உலகம் முழுக்க மஞ்சளைத் தேட ஆரம்பித்தார்கள். எனக்கு இதுவரை வந்த பணத்தில் ஆறில் ஒரு பங்கு அந்த ஒரு படம் கொடுத்தது.

கீவேர்டில், அதாவது படத்தோடு சேர்க்கும் தேடல் வார்த்தைகளில்தான் பாதி உயிர் இருக்கிறது. அடோபியில் 49 வார்த்தை வரை போடலாம், முதல் பத்துக்குத்தான் மதிப்பு அதிகம். கோலம் என்று மட்டும் போட்டால் நம் ஆட்கள்தான் தேடுவார்கள், ரங்கோலியையும் சேர்க்க வேண்டும். மஞ்சளுக்கு ‘குர்குமா லோங்கா’ என்ற தாவரவியல் பெயரையும் சேர்த்தேன், மருந்து கம்பெனிக்காரர்கள் அப்படித்தான் தேடுகிறார்கள். இதற்கு உன் மகளை உட்கார வை. அவள் தாவரவியல் படித்தவள், உனக்கும் எனக்கும் தெரியாத பெயர்கள் அவளுக்குத் தெரியும்.

பண்டிகைப் படத்தைப் பண்டிகை அன்று ஏற்றினால் வீண். இதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, எங்கள் ஊருக்குப் புத்தாண்டே ஆடி பதினெட்டில்தானே பிறக்கிறது! தீபாவளிக்கு எடுத்த அகல் விளக்குகளை ஜூலையிலேயே ஏற்றிவிடு. போன வருடப் படமாக இருந்தாலும் விளக்கு விளக்குதான்.

தளத்துக்காரர்கள் சில படங்களைத் திருப்பி அனுப்புவார்கள், மனம் தளராதே. முதலில் எனக்குப் பத்துக்கு ஆறு திரும்பி வந்தது. நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார், கண்ணில் ஃபோகஸ் இருக்கிறதா, நிழலில் புள்ளி புள்ளியாக இருக்கிறதா என்று. ஒரே காட்சியை எட்டுக் கோணத்தில் அனுப்பினால் ‘ஒரே மாதிரி’ என்று ஒதுக்கிவிடுவார்கள். கம்பெனி சின்னம் எங்கும் தெரியக் கூடாது. ஒரு தீப்பெட்டியை அருமையாக எடுத்தேன், லேபிள் தெரிகிறது என்று நிராகரித்தார்கள். லேபிளை உரித்துவிட்டு எடுத்த படம் இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறது.

நம் காலத்து ஃபிலிமில் எடுத்த ஒரு படம் இந்த முறையில் எவ்வளவு தூரம் போனது என்று உனக்குச் சொல்ல வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பியில் பச்சை மேடும் நீல வானமும் இருக்குமே, நம் ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் வருடக்கணக்காகப் பார்த்தோமே, அது ஒரு ஸ்டாக் போட்டோ. சார்லஸ் ஓ’ரியர் 1996 ஜனவரியில் கலிபோர்னியாவின் சோனோமா பகுதியில் கார் ஓட்டிக்கொண்டு போனவர், வண்டியை நிறுத்தி மாமியா ஆர்இசட் 67 கேமராவில் எடுத்தார். படம் விற்கும் ஏஜென்சியில் கொடுத்து வைத்தார். சில வருடம் கழித்து மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. உனக்கும் அப்படி நடக்கும் என்று ஆசை காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. மழை பெய்து மலை பச்சையாக இருந்த அந்த ஒரு நாளில் அவர் கையில் கேமரா இருந்தது. உப்பளத்துப் பக்கத்திலேயே வீடு வைத்திருக்கிற உன் கையிலும் கேமரா இருக்கிறது.

ஆனால் உப்பளத்துக்குப் போவதற்கு முன்னால் ஒரு விஷயத்தைக் கேட்டுக்கொள். இதை நான் இதுவரை யாரிடமும் எழுதியதில்லை.

எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு பெரியம்மா வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுவார். 2019-ல் அவரைப் படம் எடுத்தேன். வாய் நிறையச் சிரிப்பு, சுருக்கம் விழுந்த முகம், வாசல் வெளிச்சம். முகம் தெரிகிற படத்தை விளம்பரத்துக்கு விற்க வேண்டுமானால் அவர் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவம் வேண்டும். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. ‘போட்டோவுக்குத்தான், இங்கே போடுங்க பெரியம்மா’ என்றேன், போட்டார். அவ்வளவுதான் நான் சொன்னது. இரண்டு வருடம் கழித்து, கடன் தீர்த்துவைப்பதாகச் சொல்லும் ஒரு கம்பெனி விளம்பரத்தில் அந்த முகம் வந்தது. பேரனின் பள்ளிக்கூடத்தில் பையன்கள் மொபைலில் காட்டிச் சிரித்திருக்கிறார்கள். ‘நான் யார்கிட்டயும் கடன் வாங்கினதில்லையே ஐயா’ என்று என் வாசலில் வந்து நின்றார். நான் அன்றைக்கே படத்தை எல்லாத் தளங்களில் இருந்தும் எடுத்துவிட்டேன். ஆனால் ஏற்கெனவே வாங்கியவர்களிடம் இருப்பதை யாராலும் திரும்ப வாங்க முடியாது. அந்தப் படத்தில் வந்த மொத்தப் பணத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், ஆனால் முன்பு போல என்னிடம் பேசுவதில்லை. கையெழுத்து இருந்ததால் சட்டப்படி நான் செய்தது சரி. அவருக்குப் புரியாமல் வாங்கியதால் அது தப்புத்தான்.

ஹங்கேரியில் ஆண்ட்ராஷ் அரட்டோ என்ற மின்பொறியாளர், ஓய்வு நேரத்தில் ஸ்டாக் போட்டோவுக்கு நின்றவர். அவருடைய சிரிப்பு உலகம் முழுக்க மீமாகப் பரவியது. படித்தவர், வெளியுலகம் தெரிந்தவர், அவரே எதிர்பார்க்கவில்லை. அப்படியிருக்க எங்கள் பெரியம்மா எப்படி எதிர்பார்த்திருப்பார்?

அதனால் இப்போது நான் தமிழில் ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் படத்தை யார் வாங்குவார்கள் என்று எனக்குத் தெரியாது, எந்த ஊரிலும் எந்தப் பொருளுக்கும் வரலாம், திரும்ப வாங்க முடியாது என்று அதில் இருக்கிறது. அதை வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து. பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள். வேண்டாம் என்றால் கையை மட்டும் எடுக்கிறேன், அல்லது முதுகுப் பக்கத்தில் இருந்து எடுக்கிறேன். எடிட்டோரியல் என்று இன்னொரு வகை இருக்கிறது. ஊர், தேதி, நடப்பது என்ன என்று தலைப்பு எழுதிக் கொடுத்தால் கையெழுத்து இல்லாமலேயே செய்திக்கும் பாடப் புத்தகத்துக்கும் விற்கலாம், விளம்பரத்துக்குப் போகாது. உப்பளத்துப் பெண்களுக்கு இதுதான் பொருத்தம் என்று நினைக்கிறேன். அப்படி எடுப்பதானாலும் கேட்டுவிட்டு எடு.

ஏஐ வந்த பிறகு இதெல்லாம் எத்தனை நாளைக்கு என்று கேட்டிருந்தாய். பயம் எனக்கும் இருக்கிறது. கோட்டு போட்ட இரண்டு பேர் கைகுலுக்கும் படத்துக்கு இனிமேல் போட்டோகிராபர் தேவையில்லை. அடோபி, ஏஐ படம் என்று குறிப்பிட்டால் ஏற்றுக்கொள்கிறது. ஷட்டர்ஸ்டாக் நம்மைப் போல் அனுப்புகிறவர்களிடம் இருந்து அதை வாங்குவதில்லை. 2023-ல் வந்த அடோபியின் ஃபயர்ஃபிளை என்ற ஏஐ, அடோபி ஸ்டாக்கில் இருந்த படங்களையும் வைத்துத்தான் கற்றுக்கொண்டது, அதற்கு ஒரு போனஸும் கொடுத்தார்கள். பொங்கல் படம் ஒன்றை ஏஐயில் செய்யச் சொல்லிப் பார்த்தேன். கரும்பு மூங்கில் மாதிரி இருந்தது, வாழை இலையின் நுனி வலது பக்கம் கிடந்தது. நம் வீட்டில் யாராவது அப்படி இலை போட்டால் அம்மா விடுவார்களா? நாம் நின்று பார்த்த இடத்தை நாம்தான் சரியாக எடுக்க முடியும், இன்னும் கொஞ்ச காலத்துக்காவது.

ஆகவே இப்படிச் செய். வாரத்தில் மூன்று மாலை மட்டும் இதற்கு ஒதுக்கு. ஐப்பசி மழை வந்தால் உப்பு வாருவது நின்றுபோகும், அதற்குள் பாத்தியில் தண்ணீர் விடுவது முதல் குவியலைப் பனையோலையால் மூடுவது வரை ஒவ்வொரு வேலையையும் எடு. வெறும் பாத்திகள், வானம், ஒரு ஓரத்தில் சின்னதாக உப்புக் குவியல் என்று இடம் விட்டும் எடு, என்னைப் போல் ஒரு டிசைனர் எங்கேயோ அதைத் தேடிக்கொண்டிருப்பான். துறைமுகத்துப் பக்கம் கேமராவைத் திருப்பாதே, வீண் வம்பு. புது லென்ஸ் எதுவும் வாங்காதே, அடோபியும் ஷட்டர்ஸ்டாக்கும் கேட்பது குறைந்தது 4 மெகாபிக்ஸல்தான்.

முதல் இருபது படங்களை எனக்கு அனுப்பு. எது நிற்கும், எது திரும்பும் என்று பார்த்துச் சொல்கிறேன். அப்படியே, நாம் 1997-ல் சைக்கிளில் போய் உப்பளத்தில் எடுத்தோமே ஒரு கருப்பு வெள்ளை ரோல், அதன் நெகட்டிவ் உன்னிடம்தான் இருக்க வேண்டும். தேடிப் பார். விற்க வேண்டாம், எனக்கு ஒரு பிரிண்ட் போட்டுக் கொடு.

தமிழ்ப் படிவத்தின் நகல் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன்.

உன்,
ராமர்