மகளுக்கு ஒரு பெருக்கல்

அன்புள்ள பிள்ளைக்கு,

நாங்கள் சுகம். அம்மாவின் முழங்கால் நோ அப்படியேதான். கிணற்றடிக் கறுத்தக்கொழும்பான் மாமரம் நன்றாகக் காய்த்தது; அணில் தின்றது போக மிச்சம் மாமி வீட்டுக்கு. நல்லூர்த் திருவிழாவுக்கு வருவதாகச் சொன்னாய், பிறகு அந்தப் பேச்சே இல்லை. போன ஞாயிறு நான்கு நிமிடம் பேசினாய். அதற்கு முந்திய ஞாயிறு ஆறு. நேரத்துக்குச் சாப்பிடு. வேறொன்றும் நான் கேட்கவில்லை.

எனக்கு எழுத வருவது கணக்குத்தான். 2இன் 67ஆம் வலுவில் ஒன்றைக் கழித்தால் 147573952589676412927. இருபத்தொரு இலக்கம். 1644இல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி இதை முதன்மை எண், அதாவது ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதனாலும் மீதியின்றி வகுபடாதது, என்று எழுதிவைத்தார். 1876இல் லூக்காஸ் என்ற கணித அறிஞர் அது முதன்மை எண் அல்ல என்று நிறுவினார். ஆனால் காரணிகள் எவை என்று அவருக்கும் தெரியாது. யோசித்துப் பார் பிள்ளை, பிளவு இருப்பது நிச்சயம், எங்கே என்றுதான் தெரியவில்லை. இருபத்தேழு வருடம் அப்படியே கிடந்தது. 1903இல் நியூயோர்க்கில் கோல் என்பவர் ஒரு சொல்லும் பேசாமல் கரும்பலகையில் 193707721ஐ 761838257287ஆல் பெருக்கிக் காட்டிவிட்டுப் போய் அமர்ந்தாராம். அதற்கு மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் செலவாயின என்பார்கள்.

நானும் கலண்டர் தாளின் பின்புறத்தில் பெருக்கினேன். 7ஆல் பெருக்கும் வரிசை மூன்று தடவை வருகிறது. ஒன்றைச் செய்து மற்ற இரண்டையும் பார்த்து எழுதினேன். விடையை ஒன்பதால் வகுத்தால் மீதி 1 வர வேண்டும், 4 வந்தது. முதல் வரிசையில் ஒன்று கூடிவிட்டது, அதே பிழை மூன்று இடத்திலும். கண் மங்கிவிட்டது.

உண்மையில் நான் எழுத வந்தது 2047ஐப் பற்றி. நீ ஒன்பதாம் வகுப்பு. முன்விறாந்தை ரியூசனில், 2இன் வலு முதன்மை எண்ணானால் ஒன்றைக் கழித்த விடையும் முதன்மை எண்தான் என்று 3, 7, 31, 127 எழுதிக் காட்டினேன். நீ கொப்பியோடு வந்தாய்: 2இன் 11ஆம் வலுவில் ஒன்று குறைய 2047, அது 23 × 89. பொடியன்கள் முன்னால் "வாய் காட்டாதே" என்றேன். அன்றிரவே பெருக்கிப் பார்த்தேன், சரி. அடுத்த வகுப்பில் நானே கண்டுபிடித்ததுபோல் அதைப் பலகையில் எழுதினேன். நீ கதவு நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றாய். அதற்குப் பிறகு எந்தக் கொப்பியையும் என்னிடம் கொண்டுவரவில்லை. பல்கலைக்கழகத்தில் நீ முதலாம் வகுப்பில் சித்தியடைந்ததை ஒழுங்கை முழுக்கச் சொன்னேன், உன்னிடம் சொல்லவில்லை. அந்தப் பிடிவாதம் உனக்கும் வந்திருக்கிறது, யாரைக் குறை சொல்ல.

இனி வாய் காட்டு. நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா மிளகாய்த்தூளும் புழுக்கொடியலும் கட்டி வைத்திருக்கிறார். பார்சலைப் பழைய முகவரிக்குத்தான் அனுப்புவதா என்று மட்டும் எழுது. இரண்டு பேருக்கா, ஒருவருக்கா கட்ட வேண்டும் என்று அம்மா கேட்கிறார். நான் கேட்கவில்லை.

அப்பா