மருந்தைப் பாதியாக்காதே

அன்பு மகனுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அக்காவின் கூறை எடுத்தாயிற்று, மண்டபத்துக்கும் காசு கட்டியாயிற்று. மற்றதெல்லாம் நேரில் சொல்கிறேன்.

வாட்ஸ்அப்பில் நீலக்கோடு விழுகிறது, பதில்தான் இல்லை. போதையை விடுவதற்கு நீ எடுக்கிற சுபாக்சோன் குளிசை நாக்குக்குக் கீழே கரையும்வரை கதைக்கக் கூடாது என்றபடியால் நான் காலையில் போன் எடுப்பதில்லை. பின்னேரமும் நீ எடுக்காவிட்டால் நான் என்ன நினைப்பது? கரைந்த பிறகு தண்ணீரால் வாயைக் கொப்பளி. பல் தீட்ட ஒரு மணித்தியாலம் பொறு, பல் பழுதாகுமாம்.

அக்கா வாய்தவறிச் சொல்லிவிட்டாள். கல்யாணத்துக்குள் சுபாக்சோனை விடப்போகிறாயாம், நீயாகவே பாதியாக்கிவிட்டாயாம். ‘ஒரு போதையை விட்டு இன்னொரு போதை’ என்று மாமி சொன்னது உன் காதிலும் விழுந்ததுதானே? மாமி தன் பிரஷர் குளிசையை ஒரு நாளும் விட்டதில்லை. அவவுக்காக நீ ஏன் விடவேண்டும்?

டாக்டர் விளங்கப்படுத்தியபோது நானும் பக்கத்தில் இருந்தேன். மூளையில் பென்டனில் என்ற அந்தப் போதைமருந்து போய் ஒட்டுகிற இடத்தைச் சுபாக்சோனில் இருக்கிற புப்ரெனோர்பின் பிடித்துக்கொள்கிறது. உடம்பு முறுக்காது, தெருவில் போய்த் தேடச் சொல்லும் தவனம் அடங்கும். ஆனால் அளவு போதவேண்டும். ஆய்வுகளில் நாளுக்கு 16 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுத்தவர்களிடம்தான் கள்ளமருந்துப் பாவனை நன்றாகக் குறைந்தது. சித்தப்பா இருக்கிற பிரான்சில் குடும்ப டாக்டர்களே புப்ரெனோர்பினை எழுதத் தொடங்கினார்கள். 1995க்கும் 1999க்கும் இடையில் அளவு மிஞ்சிச் செத்தவர்கள் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தார்கள்.

இந்த மருந்தை விட்டுவிட்டுக் கள்ளமருந்தைத் திரும்ப எடுத்தால் உடம்பு தாங்காது. முன்பு எடுத்த அதே அளவே உயிரை எடுத்துவிடும். இதுதான் என் நித்திரையைக் கெடுக்கிறது.

நாரி நோவோடு வெயர்ஹவுசில் நின்று படிப்புக்குக் காசு கட்டினவன் நீ. அந்த நோவுக்குத் தந்த குளிசையில்தானே எல்லாம் தொடங்கியது. இப்போது திரும்பவும் வேலைக்குப் போகிறாய் என்று அப்பா எல்லாரிடமும் சொல்லித் திரிகிறார். அப்படிப்பட்டவன் எங்களிடம் ஒரு சொல் சொல்லாமல் மருந்தைக் குறைக்க எப்படி மனம் வந்தது?

நடுவில் ஒரு நாள் தவறினாலும் மருந்தை நிறுத்தாதே, டாக்டரிடம் சொல். அளவு மிஞ்சினால் உயிரைக் காக்கிற நாலொக்சோன் மூக்கு ஸ்ப்ரே, மருந்துக்கடையில் இலவசமாகத் தந்தது, என் கைப்பையில் ஒன்று, அப்பாவின் காரில் ஒன்று இருக்கிறது. உன் அறையிலும் ஒன்று இருக்கட்டும், கூட இருக்கிற பெடியனுக்கும் காட்டிக் கொடு.

பழைய அளவுக்குத் திரும்புவது பற்றி நாளைக்கே டாக்டரிடம் கேள். வன்கூவரிலிருந்து வர எத்தனை நாள் குளிசை கையில் தருவார்கள் என்று மருந்துக்கடையிலும் இப்போதே கேட்டு வை. மாப்பிள்ளைத் தோழனாக நிற்கவேண்டியவன் நீ. முகூர்த்தம் காலையில்தான். அதற்கு முன் குளிசை ஆறுதலாகக் கரையட்டும், ஐயரைக் காத்திருக்கச் சொல்வது என் பொறுப்பு.

அம்மா